அழுத்துவது ஒன்று, அடிப்பது ஒன்று: ஸ்டேப்ளருக்குள் என்ன நடக்கிறது?

திருகோணமலையில் ஒரு புத்தகக் கடையில் நிற்கிறேன். ஏ4 தாள், சி.ஆர். கொப்பி, பேனைக்கு அடுத்தபடியாக எங்களிடம் ஓயாமல் விலைபோவது ஸ்டேப்ளர் பின்தான். கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, படிவம் கொண்டுபோகிறவர்கள், டியூசன் வகுப்புக்கு டியூட் (பாடக் குறிப்புத் தாள்) அடிக்கிற ஆசிரியர்கள், கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் சோடனை செய்கிறவர்கள், ஓட்டோ சீட்டுக்கு ரெக்சின் இழுத்து அடிக்கிற குஷன் வேலைக்காரர்கள் என்று எல்லோருக்கும் அது வேண்டும். ஆனால் அந்தக் கருவியைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாம் குழம்பிவிடுகிறது. "நல்ல பலமான ஸ்டேப்ளரா தாங்க", "ஸ்பிரிங் போயிட்டுது, அதான் பின் மடங்குது", "கன் அடிக்கிறதுக்குக் கையில பலம் வேணும்" என்பார்கள். ஒரு கருவிக்குப் பொருந்துவதை இன்னொன்றின் மேல் ஏற்றிச் சொல்வதால் வருகிற குழப்பம் இது.

மேசையில் இருக்கிற ஸ்டேப்ளரும் மரத்தில் துணி அடிக்கிற ஸ்டேப்ள் கன்னும் ஒரே குடும்பம் போலத் தெரிகின்றன. இரண்டிலும் கம்பிப் பின் போடுகிறோம், இரண்டையும் கையால் அழுத்துகிறோம். உள்ளே நடப்பதுதான் வேறு. மேசை ஸ்டேப்ளர் பின்னை அழுத்தி, அடிப்பக்கத்தில் மடக்கிவிடுகிறது. கன் பின்னை மடக்குவதே இல்லை, அடித்து இறக்குகிறது. இது பிடிபட்டால் எந்தப் பின் வாங்குவது, ஏன் சிக்குகிறது, கையை எங்கே வைப்பது என்பதெல்லாம் தானாக விளங்கும்.

## ஆணியும் சுத்தியலும்

ஒரு ஆணியைப் பலகையில் நிறுத்துங்கள். அதன் தலையில் சுத்தியலை வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்துங்கள். ஆணி இறங்காது, பெரும்பாலும் சாய்ந்துவிடும். அதே சுத்தியலை ஒரு சாண் உயர்த்தி ஒரு போடு போட்டால் இறங்குகிறது. இத்தனைக்கும் இரண்டாவது தடவை கை கொடுத்த பலம் முதல் தடவையைவிடக் குறைவு.

காரணம் தூரத்தில் இருக்கிறது. எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோம் என்பதற்கு விசை என்று பெயர். அந்த விசையை, தள்ளிய தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது சக்தி. சுத்தியலை வீசும்போது கை கொடுத்த சின்ன விசை ஒரு சாண் தூரம் முழுக்கச் சுத்தியலில் சேர்ந்துகொண்டே வந்தது. ஆணியில் பட்டதும், சேர்ந்தது அத்தனையும் சில மில்லிமீற்றருக்குள் செலவாகிவிட்டது. சக்தி அதேதான், தூரம் சுருங்கியதால் விசை பெருகியது.

கடதாசிக்கு இந்த அடி தேவையில்லை. பத்து இருபது தாளை மெல்லிய கம்பி துளைப்பதற்குக் கையின் அழுத்தமே போதும். மரத்துக்குப் போதாது. அதனால்தான் இரண்டு கருவி, இரண்டு விதமான வயிறு.

## மேசை ஸ்டேப்ளர், மெதுவாக

ஸ்டேப்ளரின் தலையைத் தூக்கி உள்ளே பாருங்கள். பின்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டு ஒரு நீளக் கூட்டுக்குள் கிடக்கும். ஒவ்வொரு பின்னுக்கும் மேலே ஒரு குறுக்குக் கம்பி, இரண்டு பக்கமும் கீழே இறங்கும் கம்பி. குறுக்கே இருப்பதை முதுகு என்றும், இறங்குகிற இரண்டையும் கால்கள் என்றும் சொல்கிறேன். வரிசைக்குப் பின்னால் ஸ்பிரிங் போட்ட ஒரு சின்னத் துண்டு இருக்கும். அது பின்களை எப்போதும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். முன்முனையில், தலையின் அடியில், ஒரு பின்னின் தடிப்பே உள்ள இரும்புத் தகடு ஒன்று செங்குத்தாக நிற்கும். பின்னை உண்மையில் இறக்குவது அதுதான். அதை அடிதகடு என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நேர்கீழே, ஸ்டேப்ளரின் பாதத்தில், இரண்டு பள்ளம் வெட்டிய சின்ன உலோகத் துண்டு இருக்கும். அது மடிப்புத் தகடு.

இனி தாளை வைத்து மெதுவாக அழுத்துங்கள். முதலில் கூட்டின் முன்முனை இறங்கித் தாள்களைப் பாதத்தோடு சேர்த்து நெரித்துப் பிடிக்கிறது. அடுத்து அடிதகடு இறங்கி, வரிசையின் முதல் பின்னை மட்டும் ஒட்டிலிருந்து பிய்த்து எடுக்கிறது. மெல்லிய 'டிக்' என்று கையில் உணர்வது இந்தக் கட்டம். பிறகு கால்கள் தாளைத் துளைத்து அடியால் வெளியே வருகின்றன. வந்ததும் மடிப்புத் தகட்டின் பள்ளத்தில் இடிக்கின்றன. பள்ளம் உள்பக்கமாக வளைந்திருப்பதால் கால் வேறு வழியின்றி அந்த வளைவிலே ஓடி, உள்நோக்கி மடிகிறது. கையை எடுத்தால் இன்னொரு ஸ்பிரிங் தலையைத் தூக்கிவிடும். பின்னால் நிற்கிற துண்டு அடுத்த பின்னைத் தகட்டின் கீழ் கொண்டுவந்து நிறுத்தும்.

இதில் கவனிக்கவேண்டியது: சாதாரண மேசை ஸ்டேப்ளரில் எந்த ஸ்பிரிங்கும் பின்னை அடிப்பதில்லை. ஒன்று வரிசையைத் தள்ளுகிறது, ஒன்று தலையைத் தூக்குகிறது. துளைப்பதும் மடக்குவதும் முழுக்க முழுக்க உங்கள் கை. ஆகவே "ஸ்பிரிங் போனதால் பின் மடங்குது" என்பது சரியான காரணமில்லை. ஸ்பிரிங் தளர்ந்தால் பின் முன்னுக்கு வராமல் வெறுமையாக அழுத்துப்படும். பின் கோணலாக மடங்கினால் அடிதகட்டையும் மடிப்புத் தகட்டையும் பார்க்கவேண்டும். தகட்டின் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் பின்னின் ஒரு கால் முந்தி இறங்கும், மற்றது பிந்தி நெளியும். மடிப்புத் தகடு சற்று நகர்ந்திருந்தாலும் கால் பள்ளத்தில் விழாமல் வெளியே போய்விடும்.

இந்த மூன்று காரியமும், அதாவது பின்னை இறக்குவது, துளைப்பது, மடக்குவது, ஒரே அழுத்தில் நடக்கவேண்டும் என்ற எண்ணம் வருவதற்கே கொஞ்சக் காலம் எடுத்தது. அமெரிக்காவில் ஜோர்ஜ் மக்கில் என்பவர் 1866இல் காப்புரிமை எடுத்தது, கையால் மடக்குகிற பித்தளைப் பின்னுக்கு. ஹென்றி ஹெய்ல் 1877இல் இறக்குவதையும் மடக்குவதையும் ஒன்றாகச் செய்கிற கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1879இல் மக்கில் கொண்டுவந்த இரும்பு அழுத்தி ஒரே அழுத்தில் வேலையை முடித்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு பின்னைக் கையால் வைக்கவேண்டும். பின்கள் வரிசையாக ஒட்டி வந்தபிறகுதான் இது மேசைக் கருவி ஆனது. இன்று நாம் காசு கொடுப்பது கம்பிக்கு என்று நினைக்கிறோம். அந்த மெல்லிய ஒட்டுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். பெட்டிக்குள் வரிசை நொறுங்கி வருகிற மலிவுப் பின்னை நான் எடுத்துக் கொடுக்கத் தயங்குவது அதனால்தான்: கூட்டுக்குள் சாய்ந்து நிற்கிற பின் எந்த நல்ல ஸ்டேப்ளரையும் சிக்கவைக்கும்.

## 24/6 என்றால் என்ன

பெட்டியில் 24/6, 26/6, 23/13 என்று போட்டிருக்கும். முதல் எண் கம்பியின் தடிப்பு, ஆனால் தலைகீழாக: எண் கூடினால் கம்பி மெல்லியது. 26ஐவிட 24 தடிப்பு, 24ஐவிட 23 தடிப்பு. இரண்டாவது எண் காலின் நீளம், மில்லிமீற்றரில். 24/6 என்றால் 24ஆம் இலக்கக் கம்பி, 6 மில்லிமீற்றர் கால்.

இதற்குள் ஒளிந்திருக்கிற கணக்கை யாராவது பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தால் எவ்வளவு நல்லது என்று நினைப்பேன். போட்டோகொப்பிக்குப் பாவிக்கிற சாதாரணத் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர். 30 தாள் வைத்தால் 3 மில்லிமீற்றர். 6 மில்லிமீற்றர் காலில் 3 தாளுக்குள் போய்விட்டது, மிச்சம் 3. அந்த 3 மில்லிமீற்றர்தான் மடங்கிப் பிடிக்கிறது. 50 தாள் வைத்தால்? 5 மில்லிமீற்றர் தாளுக்குள், மிச்சம் 1. ஒரு மில்லிமீற்றர் கம்பி மடங்க இடமில்லை. நுனி தாளுக்குள்ளேயே நெளிந்து நின்றுவிடும். "ஸ்டேப்ளர் பலமில்லை" என்று சொல்லப்படுகிற பெரும்பாலான வேளைகளில் நடப்பது இதுதான். பலம் போதும், கால் நீளம் போதாது.

ஆக, தாள்களின் தடிப்போடு 3 மில்லிமீற்றரைக் கூட்டினால் வேண்டிய கால் நீளம் வந்துவிடும். 50 தாளுக்கு 8 மில்லிமீற்றர், 100 தாளுக்கு 13 மில்லிமீற்றர். 23/13 பின்னை 100 தாள் வரை என்று விற்பதன் பின்னணி இவ்வளவுதான். சின்ன ஸ்டேப்ளருக்குப் போடுகிற நம்பர் டென் பின்னுக்குக் கால் சுமார் 5 மில்லிமீற்றர். 20 தாளுக்கு 2, மிச்சம் 3. அங்கும் அதே கணக்கு.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் நீளக் கால் பின்னையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். முடியாது. மெல்லிய கம்பியை மேலிருந்து அழுத்தினால் ஓரளவுக்குமேல் அது நேராக நிற்காமல் பக்கவாட்டில் வளைந்துவிடும். ஒரே கம்பியில் கால் இருமடங்கு நீண்டால், வளையாமல் தாங்கக்கூடிய விசை நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். கட்டடத் தூணுக்கும் இதே விதிதான். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித அறிஞர் கணக்கிட்டுச் சொன்னது. அதனால் கால் நீளவேண்டுமென்றால் கம்பியும் தடிக்கவேண்டும். கம்பி தடித்தால் அதை இறக்கக் கூடுதல் விசை வேண்டும். அந்த விசைக்கு நீளமான பிடி வேண்டும். 100 தாள் அடிக்கிற ஸ்டேப்ளர் அவ்வளவு பெரிதாக இருப்பது இந்தச் சங்கிலியால்.

இதே இடத்தில் சிக்கலுக்கான முதல் காரணமும் இருக்கிறது. அடிதகடு ஓடுகிற பிளவு ஒரு பின்னின் தடிப்புக்கு அளந்து வெட்டியது. 24/6ம் 26/6ம் முதுகு அகலத்தில் ஒத்துப்போவதால் பல ஸ்டேப்ளர்கள் இரண்டையும் ஏற்கும். எவற்றை ஏற்கும் என்று கருவியின் அடியிலோ பெட்டியிலோ எழுதியிருக்கும். அங்கே இல்லாத பின்னைப் போட்டால், கூட்டுக்குள் இடம் இருந்தாலும் பிளவில் பின் ஒன்றுக்கொன்று ஏறிச் சிக்கும்.

## கை எங்கே இருக்கவேண்டும்

மேசை ஸ்டேப்ளரின் பிணைச்சல் பின்னால் இருக்கிறது, பின் இறங்குவது முன்னால். உள்ளங்கையைச் சரியாக முன்முனைக்கு மேலே வைத்தால், கொடுக்கிற விசை அப்படியே பின்னுக்குப் போகும். நடுவில் வைத்து அழுத்தினால் குறையும். பிணைச்சலிலிருந்து முன்முனை 12 சென்றிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 8 சென்றிமீற்றரில் கையை வைத்தால், கொடுத்த விசையில் மூன்றில் இரண்டு பங்குதான் பின்னுக்குக் கிடைக்கும். டியூட் கட்டு முழுவதையும் நடுவில் அழுத்தி அடித்துவிட்டு மணிக்கட்டு வலிக்கிறது என்கிற ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: கையை ஒரு அங்குலம் முன்னுக்குக் கொண்டுபோங்கள், சேர்.

மெதுவாக அழுத்தினாலே அடிக்கிற புதிய ரக ஸ்டேப்ளர்களும் வருகின்றன. அவற்றில் மேல்பிடிக்குத் தனிப் பிணைச்சல் இருக்கும். கை கூடுதல் தூரம் இறங்கும், அடிதகடு வழக்கமான தூரமே இறங்கும். விசை பாதியாகக் குறைந்தால், கை போகிற தூரம் இருமடங்கு ஆகும். மொத்தச் சக்தி குறைவதில்லை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் அடிக்கிறவருக்கு இது காசுக்குப் பெறுமதி. வீட்டில் வாரத்துக்கு நாலு பின் அடிக்கிறவருக்குத் தேவையில்லை.

மடிப்புத் தகட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் வருடக்கணக்காகப் பாவிக்கிறவர்களுக்கும் இது தெரியாமல் இருக்கிறது. பல ஸ்டேப்ளர்களில் பாதத்தின் அடியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை மேலே தள்ளித் தகட்டை அரை வட்டம் திருப்பினால், வேறு இரண்டு பள்ளம் முன்னுக்கு வரும். அதில் கால்கள் உள்நோக்கி மடியாமல் வெளிநோக்கி விரியும். பிடி தளர்வாக இருக்கும், நகத்தால் இழுத்தே கழற்றலாம், தாள் கிழியாது. தற்காலிகமாகப் பொருத்துவதற்கென்றே வைத்தது. கச்சேரிக்குக் கொண்டுபோகிற கோவையை எப்படியும் கழற்றிப் போட்டோகொப்பி எடுக்கச் சொல்வார்கள் என்று தெரிந்தால், இந்தப் பள்ளத்தில் அடித்துக்கொண்டு போகலாம். "பின் வெளிப்பக்கமா விரியுது, பழுதாப் போச்சு" என்று கொண்டுவருகிற ஸ்டேப்ளர்களில், யாரோ தெரியாமல் தகட்டைத் திருப்பிவிட்டதும் உண்டு.

இதுவரை வந்தது: மேசை ஸ்டேப்ளரில் கைதான் முழு வேலையும் செய்கிறது, பிடித்து வைத்திருப்பது மடங்கிய கால். கன்னில் இந்த இரண்டுமே மாறுகின்றன.

## கன்னுக்கு அடியில் ஒன்றுமில்லை

மரச்சட்டத்தில் துணி அடிக்கும்போது, பின் மறுபக்கம் வெளியே வருவதில்லை. வந்தாலும் அங்கே மடக்குவதற்குத் தகடு இல்லை. அப்படியானால் பின் எப்படி நிற்கிறது? மரம் என்பது நெருக்கமான நார்க்கட்டு. கால் உள்ளே போகும்போது நார்களைப் பக்கவாட்டில் தள்ளி இடம் பிடிக்கிறது. தள்ளப்பட்ட நார்கள் திரும்பிவந்து காலை இறுக்குகின்றன. அந்த உராய்வுதான் பிடி. கால் எவ்வளவு ஆழம் உள்ளே இருக்கிறதோ அவ்வளவு பிடி. எனவே பின்னின் முதுகு துணியோடு ஒட்டாமல் பாதியில் நின்றால், துணி தளர்வாக இருப்பது மட்டுமல்ல, மரத்துக்குள் இருக்கிற காலும் குறைந்துவிடுகிறது.

மரத்தின் ரேகையோடு பின்னின் முதுகை ஒரே கோட்டில் வைத்து அடித்தால் இரண்டு காலும் ஒரே நாரைப் பிளந்துகொண்டு போகும். சட்டம் ஒல்லியாக இருந்தால் வெடித்துவிடும். கொஞ்சம் சரித்து அடித்தால் இரண்டு காலும் வெவ்வேறு நாரில் இறங்கும். குஷன் வேலை செய்கிறவர்கள் சும்மா அழகுக்குச் சரித்து அடிப்பதில்லை.

## சேர்த்து வைத்து ஒரே தடவையில் விடுவது

கன்னின் உள்ளே மூன்று பொருள்தான் முக்கியம்: கைப்பிடி, பலமான ஒரு ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங்கோடு சேர்ந்து மேலும் கீழும் ஓடுகிற அடிதகடு. கைப்பிடி ஒரு நெம்புகோல். வெளியே நீளமான பகுதி கையில், உள்ளே குட்டையான பகுதியின் நுனி அடிதகட்டில் உள்ள ஒரு துளைக்குள் மாட்டியிருக்கும். பிடியை அழுத்தினால் அந்த நுனி அடிதகட்டைத் தூக்கும். அடிதகடு மேலே போகப் போக ஸ்பிரிங் நெரிபடும். பிடி கனக்கத் தொடங்குவது இங்கேதான்.

இனி வருகிற இடம்தான் இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது. அடிதகடு ஓடுவது நேர்கோட்டில். நெம்புகோலின் நுனி ஓடுவது பிணைச்சலைச் சுற்றி வட்ட வளைவில். கீழே இருக்கும்போது இரண்டும் ஒன்றாகப் பயணிக்கின்றன. மேலே போகப் போக, வளைவில் போகிற நுனி நேர்கோட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது. உச்சியில் அது துளையைவிட்டு நழுவிவிடுகிறது. அடிதகட்டைப் பிடித்திருக்க யாருமில்லை. நெரிபட்டிருந்த ஸ்பிரிங் அதைக் கீழே வீசுகிறது. 'டக்' என்று கேட்கும்போது பின் மரத்துக்குள் போய்விட்டது. கொக்கியைத் தட்டிவிட இன்னொரு பொறி, விசைவில் என்று எதுவும் வேண்டாம். வட்டமும் நேர்கோடும் பிரிகிற இடத்தை வைத்தே விடுவித்துவிடுகிறார்கள். எல்லாக் கன்னும் அச்சொட்டாக இப்படியில்லை. சிலவற்றில் தனிக் கொளுக்கி இருக்கும். ஆனால் தூக்கு, உச்சியில் விடு என்ற அடிப்படை மாறாது.

கணக்குப் போட்டால், கை 5 கிலோ பாரத்துக்குச் சமமான விசையோடு பிடியை 6 சென்றிமீற்றர் அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தை ஆறால் பெருக்கினால் 30. அந்த முப்பதும் ஸ்பிரிங்கில் சேர்ந்து, 1 சென்றிமீற்றர் ஆழத்துக்குப் பின்னை இறக்குவதில் செலவானால், சராசரியாக 30 கிலோ பாரத்துக்குச் சமமான விசை. உராய்விலும் சத்தத்திலும் கொஞ்சம் போகும், அதைக் கழித்தாலும் கை நேரடியாகக் கொடுக்க முடியாத விசை அது.

இதன் விளைவு ஒன்று உண்டு, பலரும் ஏற்றுக்கொள்ள மறுப்பது. கன்னின் அடி எவ்வளவு பலம் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் கையில்லை, ஸ்பிரிங். பிடியை மெதுவாக அழுத்தினாலும் ஆவேசமாக அழுத்தினாலும் ஸ்பிரிங் நெரிபடுகிற தூரம் ஒன்றுதான், ஆகவே அடியும் ஒன்றுதான். 'டக்' கேட்டபிறகு பிடியை எவ்வளவு நெரித்தாலும் பின்னுக்கு அது தெரியாது. மேசை ஸ்டேப்ளரில் கை அடிக்கிறது, ஸ்பிரிங் உதவி செய்கிறது. கன்னில் ஸ்பிரிங் அடிக்கிறது, கை அதற்குச் சக்தியைச் சேர்த்துக் கொடுக்கிறது. அடியைக் கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால் சில கன்களில் பின்னாலோ மேலேயோ ஒரு திருகு இருக்கும். அது ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை மாற்றும்.

## மூக்கு ஏன் எழும்புகிறது

அப்படியென்றால் ஒரே கன், ஒரே பின், ஒருவர் அடித்தால் முழுதாக இறங்குகிறது, இன்னொருவர் அடித்தால் பாதியில் நிற்கிறதே? அதற்கும் பதில் இருக்கிறது.

பத்திரகாளி அம்மன் கோயிலடியில் சோடனை வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பொடியன் வெள்ளைத் துணியை மரச்சட்டத்தில் இழுத்து அடித்துக்கொண்டிருந்தான். அவன் அடித்த வரிசையில் ஒவ்வொரு பின்னின் முதுகும் துணிக்கு மேலே எழும்பி நின்றது, அடியில் நகத்தை நுழைக்கலாம். இறங்கவில்லை என்றதும் அவன் இரண்டு கையாலும் பிடியை நெரிக்கத் தொடங்கினான். அடுத்த பின் இன்னும் உயரத்தில் நின்றது. ஏணிக்குக் கீழே நின்ற வயதான வேலைக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பிடிய அமத்தாத. மூக்க அமத்து." அவன் ஒரு கையை எடுத்துக் கன்னின் முன்தலையில் வைத்து அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் மட்டும் பிடியை அழுத்தினான். பின் துணியோடு ஒட்டி உட்கார்ந்தது.

அந்தப் பெரியவர் சொன்ன இரண்டு வசனத்தில் முழு விளக்கமும் அடங்கியிருக்கிறது. மூக்கு என்பது பின் வெளியே வருகிற முன்முனை. ஸ்பிரிங் அடிதகட்டைக் கீழே தள்ளும்போது, அதே ஸ்பிரிங் கன்னின் உடம்பை மேலே தள்ளுகிறது. ஒன்றைத் தள்ளினால் தள்ளுகிறவரும் பின்னுக்குப் போவார் என்ற நியூட்டனின் விதிதான். கன்னின் உடம்பு அடிதகட்டைவிடக் கனமானது, அதனால் குறைவாகத் துள்ளும், ஆனால் துள்ளும். மூக்கு மரத்தைவிட்டு ஒரு மில்லிமீற்றர் எழும்பினால், பின்னும் ஒரு மில்லிமீற்றர் வெளியே நிற்கும். அடிதகடு மூக்கைத் தாண்டி அதிகம் வெளியே வர முடியாது.

இதோடு பிடியின் அமைப்பும் சேர்கிறது. பழைய ரகக் கன்னில் பிணைச்சல் முன்னால், மூக்குக்கு மேலே இருக்கும். கை அழுத்துகிற இடம் பின்னால், மூக்கிலிருந்து தூரத்தில். பிடியை நெரிக்கும்போது கை கன்னின் பின்பக்கத்தைக் கீழே அழுத்துகிறது. பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் எழும்பப் பார்க்கும். ஆவேசமாக நெரிக்கிறவரின் பின் கூடுதலாக எழும்பி நிற்பது இதனால்தான். கை தன் பலத்தாலேயே மூக்கைத் தூக்கிவிடுகிறது.

1990களில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த பவர்ஷாட் போன்ற கன்கள் இதைத் தலைகீழாக்கின. பிணைச்சலைப் பின்னுக்குக் கொண்டுபோய், கை அழுத்துகிற பகுதியை மூக்குக்கு மேலே வைத்தார்கள். பிடியை அழுத்துவதே மூக்கை மரத்தில் அழுத்துவதாகிவிடுகிறது. உள்ளே ஸ்பிரிங்கில் பெரிய மாயம் எதுவுமில்லை, கையின் இடம் மாறியது, அவ்வளவுதான். ஒரு கருவியின் வடிவமைப்பில் நல்ல யோசனை என்றால் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வரும். பலத்தைக் கூட்டாமல், இருக்கிற பலம் வீணாகிற வழியை அடைத்துவிட்டார்கள். 2000களில் ஸ்பிரிங்கால் அடிக்கிற இதே முறை மேசை ஸ்டேப்ளருக்கும் வந்தது. ஒரு விரலால் அடிக்கலாம் என்று விளம்பரம் செய்கிற ஸ்டேப்ளர்களின் வயிற்றில் இருப்பது ஒரு சின்னக் கன்தான், அடியில் மடிப்புத் தகட்டோடு.

உங்களிடம் இருப்பது பழைய ரகமாக இருந்தாலும் பரவாயில்லை. இன்னொரு கையால் முன்தலையை அழுத்திக்கொண்டால் அதே பலன் கிடைக்கும். அந்தக் கையின் விரல் மூக்கின் கீழ் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெறுமனே காற்றில் அடித்துப் பார்ப்பதையும் விடவேண்டும்: பின் பறந்து கண்ணில் படலாம். பின் இல்லாமல் அடித்தாலும், செலவாக இடமில்லாத அடி முழுவதும் கருவியின் உடம்பிலேயே இறங்கி அதைத் தளர்த்தும். வேலை முடிந்ததும் பிடியைப் பூட்டுகிற கம்பி வளையத்தை மாட்டிவிட்டால் பிள்ளைகள் எடுத்தாலும் அடிபடாது.

## கடற்காற்றில் பின்

இது திருகோணமலைக்காரருக்கான பகுதி. சாதாரணப் பின் இரும்புக் கம்பி, மேலே துத்தநாகப் பூச்சு. பூசிய கம்பியை வெட்டித்தான் பின் செய்கிறார்கள், அதனால் காலின் நுனியில், வெட்டிய முகத்தில், பூச்சு இருக்காது. துரு அங்கிருந்துதான் தொடங்கும். உட்துறைமுக வீதிப் பக்கமோ உப்புவெளிப் பக்கமோ வீடு என்றால், உப்பும் ஈரமும் சேர்ந்த காற்று இதை விரைவுபடுத்தும். வாடைக்காற்றும் மழையும் சேர்கிற மார்கழி மாதங்களில் திறந்த பெட்டியில் கிடக்கிற பின் வரிசை ஒன்றோடொன்று துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், பிறகு அடிதகடு ஒரு பின்னைத் தனியாகப் பிய்க்க முடியாமல் சிக்கும். மூடி இறுகுகிற சின்ன பிளாஸ்ரிக் டப்பாவில் போட்டு வைப்பது போதும். சிக்கியபிறகு குத்தூசியால் கிண்டுவதைவிட, கூட்டை முழுதாக வெளியே இழுத்து, மடங்கிய பின்னைக் குறட்டால் எடுத்துவிட்டு, பிளவில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விடுவது நல்லது. எண்ணெய் கூடினால் முதல் சில தாளில் கறை படும், அடித்துக் கழித்துவிடுங்கள்.

பெறுமதியான பத்திரங்களில் பின்னே அடிக்காமல் இருப்பது நல்லது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றில் பின் அடித்து அலுமாரியில் வைத்தால், சில வருடத்தில் பின்னைச் சுற்றித் தாள் பழுப்பாகி, தொட்டால் உதிரும். துரு தாளையும் அரிக்கும்.

புறாமலைக்கு ஆட்களை ஏற்றுகிற படகுகளின் இருக்கைக்கு ரெக்சின் அடிக்கிறவர்கள் சாதாரணப் பின்னைப் போட்டால், கடல்நீர் தெறித்துத் துருக் கறை ரெக்சினில் இறங்கும், பிறகு முதுகு அறுந்து ரெக்சின் எழும்பும். அதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின் கேட்டு வாங்கவேண்டும், விலை கூடத்தான். காந்தத்தை வைத்துப் பார்த்து மட்டும் தீர்மானிக்காதீர்கள். கம்பியாக இழுக்கப்பட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காந்தத்தில் கொஞ்சம் ஒட்டும். சந்தேகம் என்றால் நாலைந்து பின்னைக் கடல்நீரில் நனைத்துத் திறந்த தட்டில் போட்டு வையுங்கள், காய்ந்தால் திரும்ப நனையுங்கள். சாதாரணப் பின்னாக இருந்தால் சில நாளிலேயே வெட்டிய நுனியில் சிவப்புத் தெரிந்துவிடும்.